கடவுள் தந்த இடம் என்றால் அங்கிருந்து நகரவே கூடாதா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். புதிதாக வருபவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஒரு லுத்தரன் மிஷனரி பேசியிருக்கிறார். தன் விசுவாச வாழ்க்கையைச் சொல்லிவிட்டு, தேவன் ஒவ்வொருவரையும் ஓர் இடத்தில் வைத்திருக்கிறார், மனைவி, தாய், தகப்பன், தொழிலாளி என்று அவர் தந்த பொறுப்பில் உண்மையாக இருப்பதில்தான் விசுவாசம் தெரியும் என்று முடித்திருக்கிறார். அவர் போன பிறகு உங்கள் கணவர் வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்காளராக இருக்கும் நீங்கள் வேலையை விட வேண்டும். பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் மாமியையும் நாலு வயதுப் பிள்ளையையும் பார்ப்பதுதான் தேவன் உங்களுக்குத் தந்த இடம் என்கிறார்கள். "இது உண்மையிலேயே லுத்தரன் போதனையா? அப்படியென்றால் அவரவர் குலத்தொழிலை அவரவர் செய்ய வேண்டும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், அந்த மிஷனரியிடமே திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவாகுமா என்றும் ஒரு வரி.

கேட்டது, லுத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைப் பற்றி. ஆனால் "இந்த இடத்தை விட்டு நகர்ந்தால் தேவனை விட்டு நகர்ந்தவளாகிவிடுவேனா?" என்பதுதான் உள்ளே கிடக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதலாவதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் படிப்பு இருக்கிறது. இரண்டாவதற்குப் படிப்பு அவ்வளவாக உதவாது. அதற்கு என்னிடம் இருப்பது அனுபவம்தான், நான் செய்த ஒரு பெரிய தவறும் அதில் அடக்கம்.

நான் லுத்தரன் அல்ல, மெதடிஸ்ட். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்துவிட்டுக் குருத்துவ அபிஷேகம் பெறாமல் திரும்பி வந்து, கொழும்பில் முப்பது வருஷத்துக்கு மேல் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தேன். லூதரை ஆங்கிலத்திலும் தமிழிலும் வாசித்தவன், ஜெர்மன் தெரியாது. மெதடிஸ்டுக்கு லூதரோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். 1738 மே 24ஆம் திகதி லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுத்தான், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு மனம் திரும்பியது. அந்த வகையில் நாங்களும் அவருக்குக் கடன்பட்டவர்கள். மிஷனரியின் பேச்சை நான் கேட்கவில்லை, நீங்கள் எழுதிய மூன்று வரியை வைத்துத்தான் கதைக்கிறேன். அவர் சொன்னதும் உங்கள் வீட்டார் காதில் விழுந்ததும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். லூதருக்கு முந்திய ஐரோப்பாவில் 'அழைப்பு' என்ற சொல் குருமாருக்கும் துறவிகளுக்கும் உரியதாக இருந்தது. மற்றவர்கள் உழுதார்கள், நெய்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். அது பிழைப்பு, அழைப்பு அல்ல. லூதரும் அப்படித்தான் நம்பினார். 1505 ஜூலையில், சட்டம் படிக்கத் தொடங்கியிருந்த 21 வயது இளைஞன் வழியில் இடிமின்னலில் மாட்டி, உயிர் தப்பினால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளுக்கு நேர்ந்துகொண்டு, இரண்டு கிழமையளவில் ஏர்ஃபர்ட் நகரத்து மடத்தில் போய்ச் சேர்ந்தான். தகப்பனுக்குக் கடும் கோபம். பிறகு வேதத்தைப் படித்துப் படித்து, மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாவது தன் கிரியையால் அல்ல, விசுவாசத்தால் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மடத்தின் அத்திவாரமே ஆடிவிட்டது. துறவால் தேவனிடம் ஒரு படிகூடக் கிட்டப் போக முடியாதென்றால், துறவிக்கும் மாடு கறப்பவளுக்கும் அவர் முன்னால் என்ன ஏற்றத்தாழ்வு? 1520இல் எழுதியவற்றில் ஞானஸ்நானம் பெற்ற எல்லோருமே ஆசாரியர்கள் என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு, அழைப்பு என்ற சொல்லை மடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையிலும் அடுப்படியிலும் வைத்தார். 1522இல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது ஒரு காட்சி காட்டுகிறார். ஒரு தகப்பன் பிள்ளையின் பீத்துணியைக் கழுவுகிறான். பார்ப்பவர்கள் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்கிறார்கள். தேவனோ தம்முடைய தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்ந்து சிரிக்கிறார், அவன் அதை விசுவாசத்தோடு செய்வதற்காக. கழுவுகிறவர் தாய் அல்ல, தகப்பன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொரு இடத்தில், சங்கீதம் 147க்கு எழுதிய விளக்கத்தில், மனிதர் செய்யும் வேலைகளை தேவன் போட்டுக்கொள்ளும் முகமூடிகள் என்கிறார். வகுப்பில் நான் இதைச் சூன் பாண் வண்டியை வைத்துத்தான் படிப்பிப்பேன். காலையில் ஒழுங்கைக்குள் அந்த முச்சக்கரவண்டி மெட்டுப் போட்டுக்கொண்டு வரும். (அந்த மெட்டும் ஒரு ஜெர்மன்காரர் போட்டதுதான், லூதர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.) "அன்றாட ஆகாரத்தைத் தாரும்" என்று ஜெபித்துவிட்டு வெளியே வந்தால் பாணோடு நிற்பது வண்டிக்காரத் தம்பி. ஜெபம் கேட்கப்பட்டது அவன் வழியாக. அவனுக்குப் பின்னால் இரவெல்லாம் போறணைச் சூட்டில் நின்றவர், மா இறக்கியவர், கப்பல் ஓட்டியவர் என்று ஒரு வரிசை. விசுவாசப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்ல 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அன்றாட ஆகாரம் என்றால் என்ன என்று லூதர் விளக்கும்போது சாப்பாட்டோடு நிறுத்தவில்லை. உடுப்பு, சப்பாத்து, வீடு, நல்ல அரசாங்கம், நல்ல காலநிலை, நம்பத்தக்க அயலவர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். 2022இல் பெற்றோலும் காஸும் இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில், அந்த வண்டி வராத காலைகளில்தான் என் பழைய மாணவர்களுக்கு இது விளங்கியது என்று ஒருவன் எனக்குச் சொன்னான்.

ஆகவே உங்கள் மிஷனரி லுத்தரன் போதனையைத்தான் பேசியிருக்கிறார். அதில் சந்தேகம் இல்லை. சொல்லப்போனால் எங்கள் தமிழ்ச் சபைகளுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. நாங்கள் 'முழுநேர ஊழியம்' என்று ஒன்றை உண்டாக்கி, லூதர் இறக்கிவைத்த ஏணியைத் திரும்பவும் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். நான் பிலிமத்தலாவையிலிருந்து திரும்பி வந்து பாடசாலைக்குப் போகத் தொடங்கியபோது, சபையில் என்னை ஊழியத்தை விட்டு ஓடி வந்தவன் போலத்தான் பார்த்தார்கள். "அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்" என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரம் ஒரு லுத்தரன் மிஷனரி வந்து பேசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, பிறகு எங்கே பிசகுகிறது? திசையில். லூதரிடம் விசுவாசம் மேல் நோக்கிப் போகிறது, அன்பு பக்கத்தில் இருப்பவரை நோக்கிப் போகிறது. கிறிஸ்தவன் தனக்குள் வாழ்வதில்லை. விசுவாசத்தால் கிறிஸ்துவிலும் அன்பால் பிறனிலும் வாழ்கிறான் என்பது அவருடைய 1520ஆம் ஆண்டு எழுத்தின் சாரம். என் நற்கிரியை தேவனுக்குத் தேவைப்படவில்லை, அவருக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் மிச்சம் இல்லை. என் வேலையும் என் பொறுப்பும் பிறனுக்காக. அப்படிப் பார்த்தால் "இவளுக்கு விசுவாசம் இருந்தால் வேலையை விடுவாள்" என்ற வாக்கியம் தலைகீழாக நிற்கிறது. பொறுப்பைச் செய்து விசுவாசத்தை நிரூபிப்பது என்று வந்துவிட்டால், அது லூதர் விட்டு வெளியேறிய மடத்தின் கணக்கு. பேரேடு வேறு, கணக்கு அதே.

குலத்தொழில் கேள்விக்கு வருவோம். ஊர்வழக்கில் நாம் பேசும் கர்மக் கணக்குப்படி பிறப்பு முன்வினையின் பலன், அந்த இடத்தில் நின்று கடமையைச் செய்வது அடுத்த படிக்கு வழி. (சைவ சித்தாந்தம் இதைவிட நுணுக்கமானது. இங்கே நான் சொல்வது வீட்டு வாசலில் பேசப்படும் அளவு.) லூதரில் இடம் என்பது எதற்கும் கூலியும் இல்லை, தண்டனையும் இல்லை, எங்கேயும் ஏறும் படியும் இல்லை. இன்னொன்று, ஒருவருக்கு ஒரே இடம் என்ற பேச்சும் அவரிடம் இல்லை. சபை, வீடு, அரசு என்று மூன்று களங்களைச் சொல்லி, ஒவ்வொரு மனிதரும் ஒரே நேரத்தில் மூன்றிலும் நிற்கிறார் என்றார். நீங்கள் மனைவி, தாய், மருமகள், உங்கள் சொந்த அம்மாவுக்கு மகள், கணக்காளர், வாக்காளர், சபை அங்கத்தவர். நீங்கள் சரியாகக் கணக்குப் பார்ப்பதால் மாதக் கடைசியில் சம்பளம் தவறாமல் வாங்கும் ஆட்களும் உங்கள் பிறன்தான். இதில் மனைவி, மருமகள் என்ற இரண்டை மட்டும் தேவன் தந்தது என்று எடுத்துக்கொண்டு, கணக்காளர் என்பதை ஏதோ நீங்களாகத் தேடிக்கொண்ட ஆசை என்று தள்ளுவது, லூதர் இடித்த சுவரை வேறு இடத்தில் கட்டுவது.

ஏட்டில் உள்ள வித்தியாசம் இது. நடைமுறையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டால், நான் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். தமிழுக்கு லூதர் வந்தது தரங்கம்பாடி வழியாக. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, பர்த்தலோமேயு சீகன்பால்க்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9இல் அங்கே இறங்கினார்கள். சீகன்பால்க் மண்ணில் எழுதித் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி, அடுத்த வருஷமே 36 வயதில் இறந்துபோனார். பெரிய மனிதர். ஆனால் அந்தச் சபையில் சாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார், முன்னாள் படைவீரர், பறையர். அவரைப் போதகராக்கலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று பயந்து விட்டுவிட்டார்கள். அவர் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார். எல்லாத் தொழிலும் அழைப்பு என்று சொன்னவர்களின் வாரிசுகள், அழைப்பு வந்த மனிதனைச் சாதி காட்டி வாசலில் நிறுத்தினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இது தீரவில்லை. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு வந்த லுத்தரன் லைப்சிக் மிஷன், சாதி சமூக வழக்கம்தானே, மெதுவாக மாறட்டும் என்று விட்டுக்கொடுத்தது. அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல்தான் திருக்குறளை 1856இல் ஜெர்மனில் கொண்டுவந்தவர். "பிறப்பொக்கும்" என்ற குறளையும் அவர் கை தொட்டிருக்கும், கொள்கை மட்டும் அப்படியே இருந்தது. இதை வைத்து லுத்தரன்களை மட்டும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் 1920களின் கடைசியில் பிள்ளைகள் ஒரே வாங்கில் உட்காருவதற்கே 'சம ஆசனம்' என்று போராட வேண்டியிருந்தது, அந்தப் பாடசாலைகளில் மிஷன் பாடசாலைகளும் உண்டு. ஆகவே "இதற்கும் குலத்தொழிலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்டது துடுக்கான கேள்வி அல்ல. எங்கள் ஆட்களே அந்த வித்தியாசத்தைப் பல தரம் தொலைத்திருக்கிறார்கள்.

சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். உங்கள் வீட்டார் எடுத்துக் காட்டிய 1 கொரிந்தியர் 7:20, அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்க வேண்டும் என்ற வசனம். அங்கே அழைப்பு என்பது ஒருவருடைய சமூக நிலையைக் குறிக்கிறதா, அல்லது விசுவாசத்துக்கு வந்த அழைப்பைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. லூதர் முதலாவதன் பக்கம் சாய்ந்தார், அதில் அவர் சரிதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அடிமையாக இருக்கும்போது அழைக்கப்பட்டாயா, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு, விடுதலை பெற முடியுமானால் அதை நலமென்று எண்ணிக்கொள் என்கிறது நம்முடைய தமிழ் வேதாகமம். 20ஐ வாசிக்கிறவர்கள் 21க்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

நகரக்கூடாது என்று சொன்னவராகக் காட்டப்படும் லூதரே இரண்டு தரம் நகர்ந்தவர். தகப்பன் காட்டிய இடத்தை விட்டு மடத்துக்குப் போனார், தேவன் காட்டிய இடம் என்று தானே சத்தியம் பண்ணிய மடத்தை விட்டு வெளியே வந்தார். 1521இல் துறவற வாக்குறுதிகளுக்கு எதிராக எழுதிய நூலைத் தன் தகப்பனுக்கே சமர்ப்பணம் செய்தார். அவர் கட்டிக்கொண்ட கத்தரீனா ஃபொன் போராவும் அப்படித்தான். 1523 ஈஸ்டர் சமயத்தில், ஒரு வியாபாரியின் வண்டியில், மற்ற கன்னியாஸ்திரிகளோடு மடத்திலிருந்து தப்பி வந்தவர். (மீன் பீப்பாய்க்குள் ஒளிந்து வந்தார்கள் என்பது சொல்லச் சுவையான கதை. வண்டி நிச்சயம், பீப்பாய் சந்தேகம்.) 1525இல் கல்யாணம். அதற்குப் பிறகு அந்த வீட்டை நடத்தியது அவர்தான். பியர் காய்ச்சினார், தோட்டமும் பண்ணையும் பார்த்தார், காணி வாங்கினார், தங்கியிருந்த மாணவர்களிடம் காசு வாங்கிக் கணக்கு வைத்தார். லூதருக்குக் காசு கையில் நிற்காது. கடிதங்களில் மனைவியை விளையாட்டாக 'என் எஜமான் கேத்தி' என்று எழுதினார். 1542இல் எழுதிய உயிலில், அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறாகச் சொத்தை மனைவி பொறுப்பிலேயே விட்டார். மனைவி என்ற அழைப்புக்குள் கணக்குப் புத்தகம் வராது என்று லூதர் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவர் கத்தரீனா.

அதற்காக லூதரைப் பெண் விடுதலைக்காரர் ஆக்கிவிட வேண்டாம். தலைமை ஆணிடம்தான் என்று நம்பிய பதினாறாம் நூற்றாண்டு மனிதர் அவர். இடம் மாறத் துடித்தவர்கள் மேல் எப்போதும் இரக்கம் காட்டியவரும் இல்லை. 1525இல் விவசாயிகள் கிளர்ந்தபோது, அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. 'தேவன் வைத்த ஒழுங்கு' என்ற சொல் அதைவிட மோசமான இடத்துக்கும் போயிருக்கிறது. 1934இல் ஜெர்மனியில் சில லுத்தரன் இறையியலாளர்கள், குடும்பமும் இனமும் தேவன் வைத்த ஒழுங்குகள் என்று சொல்லி, ஹிட்லரைத் தந்ததற்காக தேவனுக்கு நன்றி கூறி அறிக்கை விட்டார்கள். அதே வருஷம் இந்தப் போக்குக்கு எதிராக ஜெர்மன் சபையினர் சிலர் வெளியிட்ட பார்மன் அறிக்கையில் நின்றவர்களிலும் லுத்தரன்கள் இருந்தார்கள். டீட்ரிக் பொன்ஹோஃபர் என்ற லுத்தரன் போதகர் நியூயோர்க்கில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். 1939இல் ஜெர்மனிக்குத் திரும்பினார், 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஞானோபதேசத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தான்.

என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில், கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தை நான் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே வரும் ஓர் அக்கா, கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார், தாய் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். நான் அப்போதுதான் லூதரைப் புதிதாகப் படித்த உற்சாகத்தில் இருந்தேன். அழைப்பு இருக்கும் இடத்தில் சிலுவையும் இருக்கும் என்று அவர் எழுதியிருக்கிறார், அதை அப்படியே எடுத்து விட்டேன். "இது உங்களுக்குத் தேவன் தந்த இடம் அக்கா, பொறுத்துப் போங்கள்." அவர் பொறுத்துப் போனார். நாலு மாதம் கழித்து, கையில் பத்துப் போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, அன்றைக்கு என்னோடு கதைக்கவும் இல்லை. என் மனைவிதான் அவரை அவருடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சிலுவை என்பது ஒருவர் அன்பினால் தானாக எடுத்துச் சுமப்பது, பக்கத்தில் நிற்பவன் தூக்கி இன்னொருவர் தோளில் வைப்பது அல்ல என்று இப்போது எனக்குத் தெரியும். அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன் என்பதுதான் வெட்கம். கொள்ளையும் விபசாரமும் போன்றவற்றை அழைப்பு என்று சொல்ல முடியாது என்று லூதரே விலக்கி வைத்திருக்கிறார். அடி வாங்குவதும் அந்தப் பட்டியலைச் சேர்ந்தது.

உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. உங்கள் விஷயம் வேறு. அங்கே படுக்கையில் ஒரு மனுஷி உண்மையாகவே இருக்கிறார். அவரைக் குளிப்பாட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். லூதரின் பார்வையில் அதுதான் முதல் உண்மை, அவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிறன். அந்தத் தேவையைத் தட்டிக்கழிக்க இந்தப் பதிலை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தத் தேவை யாரை அழைக்கிறது என்று பாருங்கள். அவர் உங்கள் கணவரின் தாய். 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்ற கட்டளை முதலில் மகனுக்குத்தான் போகிறது. பீத்துணி கழுவிய அந்தத் தகப்பனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஞானோபதேசத்தின் கடைசியில் 'வீட்டு அட்டவணை' மாதிரி ஒன்று இருக்கிறது. போதகர், அதிகாரிகள், கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், எஜமான், வேலையாட்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேத வசனம் எழுதி வைத்திருக்கிறார். அதை வாசிக்கும் முறை ஒன்றுதான், அவரவர் தன் பெயர் போட்ட பகுதியை வாசிப்பது. கணவர் மனைவியின் பகுதியைச் சத்தமாக வாசிப்பதும், மனைவி கணவருடையதை வாசிப்பதும் அதற்காக எழுதப்பட்டதல்ல. உங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் உங்கள் பகுதியைத்தான் வாசிக்கிறார்கள் போலிருக்கிறது.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதில் நான் வாய் வைக்கமாட்டேன். உங்கள் சம்பளம் இல்லாமல் வாடகை கட்ட முடியுமா, ஆள் வைத்துப் பார்க்க வசதி உண்டா, உங்களுக்கு அந்த வேலை பிடிக்குமா என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. நீங்களே யோசித்து, கணவரோடு பேசி, கொஞ்சக் காலம் வீட்டில் இருக்கிறேன் என்று முடிவெடுத்தால் அதுவும் அழைப்புத்தான். வேலைக்குப் போய்க்கொண்டு, கணவரும் மச்சான்மாரும் முறை போட்டு இரவில் கண் விழித்தால் அதுவும் அழைப்புத்தான். நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் இடம் எது என்று உங்களுக்கு அறிவிக்கும் அதிகாரம், அந்த முடிவால் தங்கள் பாரம் குறையப்போகிறவர்களுக்கு இல்லை.

போதகருக்குக்கூட இந்த விஷயத்தில் கட்டுப்பாடு உண்டு. லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, முறையாக அழைக்கப்படாத யாரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கக்கூடாது என்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது என்பது போதாது, சபை கூப்பிட வேண்டும். அதனால்தான் உங்கள் மிஷனரியும் தன் சாட்சியில் எந்தச் சபை தன்னை அனுப்பியது என்று சொல்லியிருப்பார். எந்த லுத்தரன் சபை என்பதும் முக்கியம், ஏனென்றால் பெண்களின் இடம் பற்றி லுத்தரன்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. சுவீடன் சபை 1958இல் தீர்மானித்து 1960இல் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுத்தது. அமெரிக்காவின் மிசூரி சினொட் இன்றுவரை கொடுப்பதில்லை. இரண்டும் லூதரின் பெயரால்தான்.

சின்ன விஷயம் ஒன்று. செருப்புத் தைக்கும் கிறிஸ்தவன் செருப்பில் சிலுவை போட வேண்டியதில்லை, நல்ல செருப்பாகத் தைத்தால் போதும் என்று லூதர் சொன்னதாக ஒரு வாக்கியம் இந்த மாதிரிக் கூட்டங்களில் அடிக்கடி வரும். நாளைக்கு உலகம் முடிந்தாலும் இன்றைக்கு ஆப்பிள் கன்று நடுவேன் என்பதும் வரும். முதலாவது அவர் எழுத்தில் இல்லை. இரண்டாவது 1940களுக்கு முன்னால் எழுத்தில் தென்படவே இல்லை. உங்கள் கூட்டத்தில் வந்திருந்தால் கருத்தை வைத்துக்கொள்ளுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

அந்த மிஷனரியிடம் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவர் மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன்னால் ஒருநாள் தேநீருக்குக் கூப்பிடுங்கள். "ஐயா, அன்றைக்கு நீங்கள் பேசியதில் மகனுடைய பொறுப்பையும் கணவனுடைய பொறுப்பையும் பற்றிக் கேட்க ஆசை" என்று தொடங்கினால் போதும், பிள்ளையின் துணி துவைக்கும் தகப்பனை அவரே கொண்டுவருவார். லுத்தரன் செமினரியில் படித்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் கணவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். தனியாகக் கேட்டால், அவர் சொல்லும் பதில் உங்களோடு மட்டும் நின்றுவிடும்.